முட்டுக்கட்டையிலிருந்து காற்றுக்கு

சித்தூரில் அப்பாவின் காரில், டிக்கிக்குள், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு கம்பு கிடக்கும். பழைய ஒட்டடைக் கம்பை மூன்றடிக்கு வெட்டி, ஒரு முனையில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருப்பார். டிக்கியைத் தூக்கியதும் முதல் வேலை, அந்தக் கம்பை எடுத்து முட்டுக் கொடுப்பது. அப்புறம்தான் பை, பழம், அரிசி மூட்டை எல்லாம்.

2023 மே மாதம் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "இது என்னப்பா கூத்து?" என்று கேட்டேன்.

"டிக்கி நிக்க மாட்டேங்குதுப்பா. விடியக்காலைல பால் வாங்கப் போனா தலை மேல இறங்குது" என்றார்.

மதியம் ஒரு மணி. சித்தூர் வெயில் உங்களுக்குத் தெரியும். வாசலில் காய்ந்துகொண்டிருந்த காரின் டிக்கியை நானே போய்த் திறந்து பார்த்தேன். கம்பு இல்லாமலேயே ஜம்மென்று நின்றது. மூடித் திறந்தேன், மறுபடியும் நின்றது. "நல்லாத்தானே இருக்கு! கம்பையெல்லாம் வெச்சுக்கிட்டு... பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று சொல்லி, கம்பைக் கொல்லைப்புறத்தில் விறகோடு போட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கனடாவிலிருந்து வந்த பிள்ளை, வங்கியில் ஆபீசர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதே வருடம் மார்கழியில் அப்பாவும் அம்மாவும் அக்கா மகனோடு திருமலைக்குக் கிளம்பினார்கள். சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மூன்று மணிக்குப் புறப்பட்டு, விடியும் முன்னே அலிபிரி சோதனைச் சாவடிக்கு வந்துவிட்டார்கள். அங்கே எல்லாரும் இறங்க வேண்டும், பைகளைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், டிக்கியைத் திறந்து காட்ட வேண்டும். அக்கா மகன் டிக்கியைத் திறந்தான், அம்மா குனிந்து பையை எடுத்தார், மூடி இறங்கிவிட்டது. நெற்றிக்கு மேலே நான்கு தையல்.

எனக்குச் சேதி வந்தது மூன்று நாள் கழித்து. "ஒண்ணுமில்லப்பா, சின்னக் காயம். நீ பயப்படுவேன்னு சொல்லல." அந்தக் கம்பைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். திட்டாததால்தான் இத்தனை நாள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். மே மாதம் நின்ற டிக்கி மார்கழியில் ஏன் விழுந்தது? நான் படித்தது பி.காம். பற்று, வரவு தெரியும், பௌதிகம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் தேடத் தேட அது ஒரு நல்ல சரித்திரமாக விரிந்தது.

முதலில் இந்த 'டிக்கி' என்ற பெயர். நாம் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் இந்த வார்த்தையை டொராண்டோவில் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. குதிரை வண்டிக் காலத்தில், வண்டிக்கு வெளியே பின்புறம் வேலைக்காரர்கள் உட்கார இருந்த இருக்கைக்குத்தான் ஆங்கிலத்தில் டிக்கி என்று பெயர். மோட்டார் கார் வந்தபோது சில கார்களின் பின்பக்க மூடியைத் திறந்தால் அதுவே இரண்டு பேர் உட்காரும் இருக்கையாக விரியும். அதற்கும் டிக்கி சீட் என்றே பெயர். மழை வந்தால் அந்த இருவரும் நனைய வேண்டியதுதான். காலப்போக்கில் இருக்கை போய்விட்டது, மூடி மட்டும் இருந்தது, ஆள் உட்கார்ந்த இடத்தில் சாமான் ஏறியது. இங்கிலாந்துக்காரர் அதை 'பூட்' என்றார். அமெரிக்காவில் காரின் பின்னால் பெரிய பெட்டியை வாரால் கட்டிக்கொண்டு போனதால் 'ட்ரங்க்' என்றார்கள். நம் பாட்டிமார் கட்டிலுக்கடியில் வைத்திருந்த ட்ரங்க் பெட்டியும் அதே வார்த்தைதான். நாம் மட்டும் பழைய இருக்கையின் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டோம்.

அலிபிரியில் டிக்கியைத் திறக்கும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1944 ஏப்ரலில்தான் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு முன் படியேற வேண்டும், முடியாதவர்கள் டோலியில் போக வேண்டும். சாமான்கள் தலைச்சுமையாக ஏறின. 1974-ல் இரண்டாவது மலைப்பாதை வந்தது. அதன் பிறகு ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்கு ஒரு பாதை. 2003 அக்டோபர் 1 அன்று அலிபிரி அருகே அப்போதைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் கார் கண்ணிவெடித் தாக்குதலுக்கு உள்ளானது. அவர் உயிர் தப்பினார். அதன் பிறகு சோதனை கடுமையானது. ஆக, இந்தியாவில் வேறெங்கேயும் டிக்கியைத் திறக்காமல் ஒருவர் மாதக்கணக்கில் கார் ஓட்டலாம், அலிபிரியில் முடியாது. பலவீனமான டிக்கி மாட்டிக்கொள்ளும் இடம் அது.

சரி, மூடியின் கதைக்கு வருவோம்.

பழைய கார்களின் டிக்கி மூடி, வெறும் தகரப் பலகை. கண்ணாடி கிடையாது, வைப்பர் கிடையாது. அதைத் தாங்க ஒரு இரும்புக் கம்பியோ சுருள்வில்லோ போதும். இன்றும் பல செடான் கார்களின் டிக்கியைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தால் குறுக்காக ஓடும் முறுக்குக் கம்பிகளைப் பார்க்கலாம். அவை அவ்வளவு சீக்கிரம் தளராது. நம் அப்பாக்கள் காலத்து அம்பாசிடர், ஃபியட், 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே தனி டிக்கி வைத்தவைதான். (ஹெரால்டின் முன் மூடி மட்டும் வேடிக்கையானது. மட்கார்டோடு சேர்ந்து மொத்த முகமும் முன்பக்கமாகச் சாயும்.)

பின் கண்ணாடியோடு சேர்த்து முழுக் கதவும் மேலே எழும்பும் கார், ஐரோப்பாவில் வியாபாரிகளுக்காக வந்தது. 1938-ல் சித்ரோயன் நிறுவனம் கசாப்புக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர் போன்றோரை மனதில் வைத்துப் பின்கதவு உள்ள ஒரு வண்டியை விற்றது. 1961-ல் ரெனோ 4, 1965-ல் ரெனோ 16, 1974-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் என்று குடும்பங்களுக்கும் இந்த அமைப்பு பிடித்துப்போனது. இதைத்தான் 'ஹாட்ச்பேக்' என்கிறோம்.

நம்மூரில் இது வந்த விதம்தான் சுவாரஸ்யம். 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அடுத்த வருடமே மாருதி வேன் வந்தது. அதன் பின்கதவு முழுசாக மேலே எழும்பும். 1985-ல் சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம், பிரிட்டனின் ரோவர் காரை எடுத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று வெளியிட்டது. பார்க்கப் பெரிய பணக்காரக் கார், ஆனால் பின்பக்கம் ஹாட்ச்பேக். சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. பெரிய காரை நாம் வாங்கவில்லை, சின்ன ஹாட்ச்பேக்கைத்தான் வாங்கினோம். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்யப்பட்ட சான்ட்ரோவும், டாடாவின் இண்டிகாவும் வந்த பிறகு ஊரெல்லாம் அதுவே ஆனது.

இங்கே ஒரு வணிகவியல் மாணவன் குறுக்கிட அனுமதி வேண்டும். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால்? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். நான்கு மீட்டருக்குள் என்ஜினும், ஐந்து பேரும், சாமானும் அடங்க வேண்டும் என்றால் தனி டிக்கிக்கு இடம் ஏது? பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை வெட்டிவிட்டுக் கதவை நட்டமாக நிறுத்துவதுதான் எளிய வழி. டிக்கியை வெட்டிக் குறுக்கிய செடான்களும் வந்தன, ஆனாலும் ஹாட்ச்பேக்கின் கை ஓங்கியே இருந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம் என்று குறைத்தபோதும் அதே அளவுதான். காரின் பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளரோடு சேர்ந்து வரி அதிகாரியும் தீர்மானித்திருக்கிறார்.

இதன் விளைவு, மூடி கனத்துப்போனது. தகரம், கண்ணாடி, வைப்பர் மோட்டார், பூட்டு எல்லாம் சேர்ந்து ஒரு கதவு. இதை யார் தாங்குவது?

கனத்தை எதிர்க்கனத்தால் தூக்குவது நமக்குப் புதிதல்ல. சித்தூர் மாவட்டக் கிணறுகளில் மோட்டார் வருவதற்கு முன் ஏற்றம் இருந்தது. நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால், மரத்தின் மேல் ஒரு ஆள் முன்னும் பின்னும் நடப்பார். அவர் உடம்பின் எடைதான் தண்ணீரைத் தூக்கியது. என் தாத்தா நடந்திருக்கிறார். (அவர் பிறந்தபோது ஊர் வட ஆற்காடு மாவட்டம். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமானது. நாங்கள் இடம் மாறவேயில்லை, கோடுதான் மாறியது.) கார் மூடிக்கு இப்படி ஆளையோ கல்லையோ கட்ட முடியாது. சுருள்வில் வைக்கலாம். ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தி வைத்திருக்கும்போது முரட்டு பலம், விரிய விரிய பலம் குறைந்துவிடும். டிக்கிக்கோ மேலே போன பிறகும் பலம் வேண்டும்.

அதற்கு விடை காற்றில் இருந்தது. அடைத்த காற்றை அமுக்கினால் அது திருப்பித் தள்ளும் என்பதை ராபர்ட் பாயில் 1662-ல் கணக்காகவே எழுதிவிட்டார். அதை வண்டிக்குள் கொண்டுவர முந்நூறு வருடம் ஆனது. காரணம், காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் ரப்பர் சீலும், வழவழப்பான எஃகுத் தண்டும் வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் பூர்சியே த கார்போன், அழுத்தமான நைட்ரஜனை அடைத்த ஷாக் அப்சர்பரை உருவாக்கினார். 1957-ல் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ் கார்களுக்காக அதை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கோப்ளென்ஸ் ஊரில் 1934-ல் தொடங்கப்பட்ட ஸ்டாபிலஸ் என்ற நிறுவனம், 1962-ல் வாயு வில்லைப் பெருமளவில் செய்ய ஆரம்பித்தது. நம் கடைகளில் 'டிக்கி ஷாக்கர்' என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பெயர்தான் ஷாக்கர், வேலை குலுக்கலைத் தாங்குவதல்ல, கதவைத் தூக்கிப் பிடிப்பது. நான் வங்கியில் உட்காரும் சுழல் நாற்காலிக்கடியில் இருப்பதும் இதன் தம்பிதான். நாற்காலி தானாகவே மெல்ல இறங்கினால் தம்பிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு எஃகுக் குழாய், அதற்குள் நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய். ஒரு தண்டு, தண்டின் முனையில் ஓட்டையுள்ள பிஸ்டன். ஓட்டை இருப்பதால் பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அப்படியானால் ஏன் தள்ளுகிறது? இதில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பிறகு ஐந்தொகை மாதிரி யோசித்தேன். ஒரு பக்கம் முழுப் பரப்பும் வாயுவுக்குக் கிடைக்கிறது. மறுபக்கம் தண்டு நடுவில் நிற்பதால் அந்த அளவு பரப்பு குறைகிறது. வரவில் பற்றைக் கழித்தால் மிச்சம், தண்டின் குறுக்களவு மட்டுமே. 8 மில்லிமீட்டர் தண்டு என்றால் ஏறத்தாழ அரை சதுர சென்டிமீட்டர். உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தம் இருந்தால் தள்ளும் பலம் 40 கிலோ. நம் கார் டயரில் இருப்பது ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தம். அதைப் போல நாற்பது மடங்கு, ஒரு விரல் தடிமன் குழாய்க்குள்! நைட்ரஜன் எதற்கு என்றால், அது துருவேற்றாது, எண்ணெயோடு சேர்ந்து தீப்பிடிக்காது. எண்ணெய் எதற்கு என்றால், சீல் காய்ந்துபோகாமல் இருக்கவும், கதவு மேலே போய் முட்டும் கடைசி நிமிடத்தில் வேகத்தைக் குறைக்கவும்.

15 கிலோ கதவுக்கு 40 கிலோ பலமுள்ள குழாய் இரண்டு எதற்கு? நெம்புகோல் கணக்கு. கதவின் கனம் கீலிலிருந்து 44 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, குழாய் தள்ளுவது 10 சென்டிமீட்டர் தூரத்தில் என்று வையுங்கள். 15 பெருக்கல் 44 வகுத்தல் 10, அதாவது 66 கிலோ. இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 33 கிலோ. புதுக் குழாய் 40 தருகிறது, 7 கிலோ கையிருப்பு.

இப்போது அம்மாவின் நெற்றிக்கு வருகிறேன்.

அடைத்த வாயுவின் அழுத்தம் சூட்டோடு ஏறி, குளிரோடு இறங்கும். 1802-லேயே கே-லூசாக் இதுபற்றி எழுதியிருக்கிறார். 20 டிகிரியில் 40 கிலோ தரும் புதுக் குழாய், டொராண்டோவில் மைனஸ் 20-ல் 34.5 கிலோதான் தரும். பதினான்கு சதவீதம் போச்சு. ஆனாலும் 33-க்கு மேல் இருப்பதால் கதவு நிற்கும். பழைய குழாயில்தான் விவகாரம். சீல் வழியாக வருடாவருடம் வாயு கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது. அப்பாவின் காரில் விடியற்காலை 18 டிகிரியில் 30 கிலோ மிஞ்சியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். நிற்காது. அதே குழாய், வெயிலில் காய்ந்த காருக்குள் 55 டிகிரி ஏறும்போது, கிட்டத்தட்ட 34 கிலோ தரும். நிற்கும்!

அப்பா சொன்னது விடியற்காலைக் கணக்கு. நான் சோதித்தது மதியக் கணக்கு. இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் காரோடு வருடம் முழுதும் இருந்தவர் அவர். நான் வந்தது ஒரு நாள், அதுவும் அந்தக் குழாய்க்கு மிகச் சாதகமான நாள். ஒரே நாள் இருப்பைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கு பலமாக இருக்கிறது என்று எந்தக் கடைநிலை ஆபீசரும் எழுத மாட்டான். நான் எழுதினேன், கம்பையும் தூக்கிப் போட்டேன்.

தமிழில் முட்டுக்கட்டை என்றால் தடை என்றுதான் இப்போது எழுதுகிறோம். காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். விழாமல் தாங்குவதும் அதே கட்டைதான். அப்பாவின் கம்பில் ஒரு நேர்மை இருந்தது. வைத்தால் நிற்கும், எடுத்தால் விழும், இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். குழாயோ வெளியே பார்க்க அன்றும் இன்றும் ஒரே கறுப்புப் பளபளப்பு. உள்ளே தேய்மானம் எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை.

2024 மே மாதம் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகத் திருப்பதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக் கொஞ்சம் தமிழ், நிறைய தெலுங்கு. "சார், ரெண்டும் போயிடுச்சு. ஜோடியாத்தான் மாத்தணும், ஒண்ணு மட்டும் மாத்தினா கதவு கோணிக்கும்" என்றார். பழைய குழாயின் மேல் பொறித்திருந்த எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ள ஜோடியை வாங்கிவரச் சொன்னார். அது நியூட்டன் கணக்கு. 400 என்றால் ஏறத்தாழ 40 கிலோ. "பலம் ஜாஸ்தியா போட்டா நல்லதுதானே?" என்று கேட்டேன். சிரித்தார். "கீல் வளையும் சார். அம்மாவால மூடவும் முடியாது."

வேலை கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நீங்களே செய்வதாக இருந்தால் அவர் செய்த வரிசை இதுதான். முதலில் கதவுக்கு உறுதியான முட்டு, அல்லது பிடித்துக்கொள்ள ஒரு ஆள். (அவரும் ஒரு கம்பைத்தான் எடுத்தார்! அப்பா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.) குழாயின் இரண்டு முனையிலும் குண்டு மேல் மாட்டும் கிண்ணம் இருக்கும். கிண்ணத்தைச் சுற்றியுள்ள கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பி, குழாயை நேராக இழுத்தால் வந்துவிடும். கிளிப்பை முழுசாகக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு பக்கம் புதியதை மாட்டிய பிறகுதான் மறுபக்கத்தில் கைவைக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் சீலின் மேல் நிற்கும். குண்டில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் வராமல் முட்டை எடுக்கக்கூடாது. பழைய குழாயை வெட்டுவதோ, ஓட்டை போடுவதோ, நெருப்பில் போடுவதோ கூடவே கூடாது. பலம் குறைந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே இன்னும் டயரைப் போல பல மடங்கு அழுத்தம் இருக்கும். பிள்ளைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு, நாங்கள் அன்று ஐந்து பேர் சேர்ந்து சாப்பிட்ட மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வந்தது. தையல் போட்ட ஆஸ்பத்திரி பில் அதைவிட அதிகம்.

காரைத் திருப்பி ஓட்டிவரும்போது அப்பா இன்னொரு விஷயம் சொன்னார். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது, பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்கு வந்தது. அப்போது அங்கே புஞ்சையும் ஏரியும்தான். இன்று அதே பக்கம் ஸ்ரீசிட்டி. 2016 ஏப்ரலில் அங்கே இசுசு நிறுவனத்தின் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2022-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. டி-மேக்ஸ் என்ற பிக்கப்பும், எம்யூ-எக்ஸ் என்ற பெரிய குடும்ப வண்டியும் அங்கே உருவாகின்றன. ஒன்றின் பின்கதவு கீழே சாயும், மற்றதன் பின்கதவு மேலே எழும்பும். ஏற்றம் இறைத்த பக்கத்தில் இப்போது கதவு எழும்புகிறது. விலை கூடிய கார்களில் இதற்கும் அடுத்த படி வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் மின்மோட்டார் கதவைத் தூக்குகிறது, இறக்குகிறது. அறுபது வருடம் ஆண்ட வாயுக்குழாய்க்கும் ஓய்வு வரும் போலிருக்கிறது. ஆனால் தாங்குவது எதுவானாலும் அதற்கும் வயதாகும்.

வெளியூரில் இருக்கும் நம் எல்லோருக்கும் ஊருக்குப் போகும் மாதம் ஒன்றுதான், பெரும்பாலும் பள்ளி விடுமுறை மாதம். அந்த மாதத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். டிக்கியும் நிற்கும், அப்பாவும் "நல்லா இருக்கோம்" என்பார். அடுத்த முறை போகும்போது அவர்களிடம் கேளுங்கள்: "விடியக்காலைல எப்படி இருக்கு?" சொன்னதை நம்புங்கள். டிக்கியைச் சோதிக்க வேண்டுமானால் சூரியன் வருவதற்கு முன் சோதியுங்கள். கதவைப் பாதி உயரத்தில் விட்டுப் பாருங்கள், இறங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

அம்மாவுக்குத் தழும்பு இப்போது தலைமுடிக்குள் மறைந்துவிட்டது. புது ஷாக்கர் போட்ட டிக்கியை ஒரு விரலால் தூக்கிக் காட்டினேன். "பரவாயில்லையே" என்றார். மறுநாள் காலை சாமான் எடுக்க டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கம்பு. முனையில் சைக்கிள் ட்யூப்.

"எதுக்குப்பா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா.

இந்த முறை நான் அதை எடுக்கவில்லை.